கடைசி வரியில் ஒரு முகவரி

ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கட்டுமா சார்? தப்பா நினைக்காதீங்க. காத்துக்காக இல்ல. நான் இறங்குற இடத்துல நிழற்குடை, கடை, ஒண்ணும் கிடையாது. ஒரு மஞ்சப் பலகை மட்டும் இருக்கும், அதுவும் சாஞ்சு கிடக்கும். விட்டுட்டா அடுத்த ஊர்ல இறங்கித் திரும்ப நடக்கணும். முன்னாடி ஒருதடவை நடந்திருக்கேன், மூணு கிலோமீட்டர், சரியான வெயில். ரொம்ப நன்றி. பை மடியிலயே இருக்கட்டும். நீங்க ஃபோனைப் பாருங்க, எனக்கொண்ணும் இல்ல.

மணி பத்தரை ஆச்சா? இன்னும் ஆகலையா? சரி, சரி. இந்த டிரைவர் உருட்டுறதைப் பாத்தா நாளைக்குத்தான் போவோம் போல.

நானா? அதை மட்டும் கேக்காதீங்க சார். ஊர் பேர் சொல்றதில்லைன்னு ஒரு முடிவுல இருக்கேன். ஒம்போது மாசமா யார்ட்டயும் சொன்னதில்ல. வீட்ல கூட இன்னைக்கு கல்லூரியில கூட்டம்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். முப்பது வருஷத்துல என் வீட்டுக்காரி ஜெபமலர்கிட்ட நான் சொன்ன முதல் பொய் இது. முதல்னா, பெரிய பொய்யில முதல்.

என் பேர் ஞானதுரை. டாக்டர் ஞானதுரை. டாக்டர்னதும் கையை நீட்டிராதீங்க, நான் மீன் டாக்டர். வைத்தியமும் கிடையாது. இது என்ன மீன், எந்த வகை, இதுக்கு முன்னாடி யாராவது பாத்திருக்காங்களா, இதைச் சொல்றதுதான் என் வேலை. முப்பத்தொரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கேன் சார். எல்லாம் வெளிநாட்டு இதழ்ல. பெருமைக்குச் சொல்லலை, கணக்குக்குச் சொல்றேன். ஏன்னா அதுல ஒரு கட்டுரையை எத்தனை பேர் படிச்சாங்கன்னு இணையத்துல பாக்கலாம். பதினாலு பேர். அதுல நாலு தடவை நானே திறந்து பாத்தது. ரெண்டு பேர் என் மாணவங்க, படிக்கலைன்னா நான் விட மாட்டேன்னு பயந்து படிச்சிருப்பாங்க.

ஏழு வருஷமா ஒரு மீன் பின்னாடி திரிஞ்சேன். கிணத்துல இருக்குற மீன். கிணத்துல மீன் வளர்க்கறது இல்ல சார் இது, அது எல்லா ஊர்லயும் உண்டு. இது பூமிக்குள்ள, பாறை இடுக்குல ஓடுற தண்ணியில பொறந்து, அங்கேயே செத்துப்போற மீன். வெளிச்சமே பாக்காதது. அதனால கண்ணு கிடையாது. சின்ன விரல் நீளம்கூட வராது. ரத்தம் அப்படியே வெளிய தெரியும், அவ்வளவு சிவப்பு. எப்பவாவது வாளியில வந்து மாட்டும்.

எனக்கு மாட்டினது எப்படின்னா, ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சாப்பிட்டுட்டு வெளிய வந்தவன் பக்கத்து வீட்ல தண்ணி கேட்டேன். அந்தம்மா பீடி சுத்திக்கிட்டு இருந்தாங்க. மடியில இருந்த பீடி இலைச் சுளகை எடுத்து வச்சுட்டு, இருங்க சார் பச்சைத் தண்ணியா தாரேன்னு கிணத்துல இறைச்சாங்க. வாளிக்குள்ள சிவப்பா ஒண்ணு. அந்தம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? "அய்ய, வந்துட்டியா"ன்னு சொல்லிட்டு அப்படியே வாளியோட திருப்பி கிணத்துல விட்டுட்டாங்க. நான் கத்தினேன். அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே. "அது வந்தா அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் யாரும் தண்ணி எடுக்க மாட்டோம் சார். கிணறு அசந்துபோச்சுன்னு அர்த்தம். தாகத்துக்குக் குடத்துல இருக்கறதைத் தாரேன்"னாங்க.

சிரிச்சேன் அப்ப. அப்புறம் மூணு மழைக்காலம் அந்தக் கிணத்துல கருவி இறக்கி அளந்தேன். நீர்மட்டம் ஒரு அளவுக்குக் கீழ போச்சுன்னாதான் அந்த மீன் பாறை இடுக்கை விட்டு வெளிய வருது. அதாவது கிணறு நிஜமாவே அசந்துதான் போயிருக்கு. அரசாங்கப் பணத்துல நான் மூணு வருஷம் கண்டுபிடிச்சதை அந்தத் தெருவே ஒரு வாளியை வச்சுக் கண்டுபிடிச்சு வச்சிருக்கு.

இல்ல சார், அது ஆய்வுக் கட்டுரையில வராது. வர முடியாது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு.

என்ன, நிறுத்திட்டான்? ரயில்வே கேட்டா? போச்சு போங்க. இனி அந்த வண்டி எந்த ஊர்ல இருந்து வருதோ. பதினொண்ணரைக்கு அங்க இருக்கேன்னு சொல்லியிருக்கேன் சார். அந்தம்மா வேலியோரம் நிப்பாங்க. நின்னா நின்னுக்கிட்டே இருப்பாங்க, அப்படி ஒரு ஆள். ஆள் வர்ற வரைக்கும் உக்காரத் தெரியாது.

எங்க விட்டேன்? ஆங், கட்டுரை வெளிவந்துச்சு. புது மீன், புதுப் பேர், படம், எல்லாம். ஒரு பிரதி எடுத்துக்கிட்டு உலகம்மாள் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா பேர் உலகம்மாள். வீட்டுக்காரர் இல்ல, மகளைச் சிவகாசிப் பக்கம் கட்டிக்குடுத்தாச்சு. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாப் புரட்டினாங்க. படத்துக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க. பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுத்த படம்.

"இது செத்ததா சார்?"

"ஆமாம்மா. அப்படித்தான் எடுக்கணும்."

"எத்தனை?"

"ஏழு."

அவங்க அந்தப் படத்தைக் கையால மூடிக்கிட்டு, "இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க"ன்னாங்க. நான் தமிழ்ல சொன்னேன். உடல் நீளம் நாப்பத்திரண்டு புள்ளி மூணு மில்லிமீட்டர். முதுகுத் துடுப்பு இல்லை. கண் இல்லை. முள்ளெலும்பு இத்தனை. கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "இம்புட்டுதானா? அது திரும்புறதை எழுதலியா சார்?"னு கேட்டாங்க.

சார், அந்த மீன் வாளிக்குள்ள ஓடும்போது சுவத்துல முட்டவே முட்டாது. ஒரு விரக்கடைக்கு முன்னாடியே திரும்பிரும். கண்ணு இல்லாத ஒண்ணு. அதை நானும் அவங்களும் எத்தனை மத்தியானம் வாளிக்கு ரெண்டு பக்கமும் குத்தவச்சு உக்காந்து பாத்திருப்போம்! திரும்பும்போதெல்லாம் அவங்க "ஆ"ம்பாங்க, சின்னப்புள்ள மாதிரி. ஏழு வருஷத்துல எனக்கு எது பிடிச்சுதோ அது அந்தப் பதினெட்டு பக்கத்துல எங்கேயுமே இல்ல சார். அன்னைக்கு வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு இறங்கலை. சரி, இனிமே தமிழ்ல எழுதுறது, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுறதுன்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன்.

அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எழுதினேன், அதை யாரும் மறுக்க முடியாது. நேர்ல போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டாங்க. "எழுதுங்க சார். அது திரும்புறதை நல்லா எழுதுங்க. எங்க பேரு, ஊரு மட்டும் போட்டுராதீங்க"ன்னாங்க. நான் தலையாட்டினேன்.

தலையாட்டினேன்தான். ஆனா தலையாட்டுறது வேற, ஒப்புக்கிறது வேற இல்லையா? எங்க துறையில ஒப்புதல்னா படிவம், கையெழுத்து, தேதி, சாட்சி. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுங்கறதுக்கும் தலையாட்டுவோம். அப்படி ஒரு தலையாட்டல்னு வச்சுக்கங்களேன்.

எழுத உக்காந்தா வரலை சார். ரெண்டு மாசம். நான் எழுதினதை ஜெபமலர் படிச்சா. அவ பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். "மீன் காணப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க, யாரு கண்டா?"ன்னா. நான்தான்னேன். "அப்ப நான் கண்டேன்னு எழுதுறதுக்கு என்ன கூச்சம்? களவா எடுத்தீங்க?"ன்னு கேட்டா. ராத்திரி பகல் கிழிச்சுக் கிழிச்சு எழுதினேன். நடந்துக்கிட்டே எழுதினேன். மொட்டை மாடியில நான் நடக்குற சத்தம் தாங்காம கீழ் வீட்டுக்காரர் வந்து, சார் உங்களுக்கு சுகரா, டாக்டர் நடக்கச் சொன்னாராங்கறாரு. ஒருநாள் திடீர்னு வந்துருச்சு. "கண்ணில்லாதது சுவரறிந்து திரும்புகிறது"ன்னு முதல் வரி. எப்படி? நல்லாருக்குல்ல?

ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அமுதவல்லின்னு ஒரு உதவி ஆசிரியர், சின்னப் பொண்ணு, ஃபோன் பண்ணிச்சு. அருமையா இருக்கு சார், அந்த முதல் வரியை மட்டும் எடுத்துரலாமான்னு கேட்டுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! முக்கா மணி நேரம் சண்டை போட்டேன். கடைசில வரி நின்னுச்சு. அப்புறம் அது மெதுவா, "சார், கடைசில நன்றின்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது வேணுமா? எங்க பத்திரிகையில அப்படிப் போடறதில்ல"ன்னுச்சு.

"எங்க துறையில நன்றி சொல்லாம விட்டா அது திருட்டும்மா"ன்னேன்.

"பேர் மட்டும் போடலாமா சார்? முகவரி எதுக்கு?"

"இடம் சொல்லாத தகவல் தகவலே இல்ல."

"அந்தம்மாகிட்ட கேட்டுட்டீங்களா சார்?"

"பேசியாச்சு"ன்னேன். பொய் இல்ல சார். பேசினது உண்மைதானே.

யோசிச்சுப் பாருங்க, அந்தக் கட்டுரைக்குள்ள எங்கேயாவது அவங்க பேர் வருதா? வராது. ஊர் வருதா? தெற்கே ஒரு சிற்றூர்னுதான் இருக்கும். சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கேன். கடைசில, கோடு போட்டு, அதுக்கும் கீழ, சின்ன எழுத்துல ஒரே ஒரு வரி. "நன்றி: திருமதி உலகம்மாள், 3/41, கீழத்தெரு, செம்பொத்தை." ஆய்வுக் கட்டுரையில அட்சரேகை தீர்க்கரேகையே குடுத்திருந்தேன் சார், நாலு தசமப் புள்ளி வரைக்கும். மாசக்கணக்கா உலகமே பாக்குற மாதிரி கிடந்துச்சு. ஒரு காக்கா வந்துச்சா? இதுல மட்டும் என்ன ஆகப்போகுதுன்னு நான் எப்படி நினைப்பேன்? முதல் வரிக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. அந்தக் கடைசி வரிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை.

கேட்டைத் திறந்துட்டான். அப்பாடா. ஏறிக்கிட்டே இருக்காங்க பாருங்க, வண்டியை எடுப்பா!

வியாழக்கிழமை பத்திரிகை வந்துச்சு. சார், அந்த மூணு நாள் நான் மனுஷனாவே இல்ல. ஃபோன் மேல ஃபோன். என் மாமனார் இருக்காரே, முப்பது வருஷமா மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறாருன்னு கேட்டா காலேஜ்ல ஏதோ மீன்னு சொல்றவரு, பத்து பிரதி வாங்கித் தெருவுக்குக் குடுத்திருக்காரு. முடி வெட்டுற கடையில நான் போனதும் எந்திரிச்சு இடம் விட்டாங்க. பேங்க்ல காசாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, "சார், அது எப்படி சார் திரும்புது?"ன்னு கேட்டாரு. முப்பத்தொரு கட்டுரை எழுதினேனே, ஒருத்தன், ஒரே ஒருத்தன், எப்படித் திரும்புதுன்னு கேட்டதில்ல. அழுகை வந்துருச்சு எனக்கு, பேங்க்லயே.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நூலகத்துல பாராட்டுக் கூட்டம். நாப்பது பேர் இருப்பாங்க. ஒரு பொன்னாடை போத்தினாங்க. நான் ஒண்ணேகால் மணி நேரம் பேசினேன். ஃபோனைச் சத்தமில்லாம வச்சிருந்தேன். வெளிய வந்து பாத்தா உலகம்மாள் நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பாராட்டத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு நினைச்சேன். யாரோ படிச்சுக் காட்டியிருப்பாங்க, பேரைப் பாத்துட்டுச் சந்தோஷத்துல கூப்பிடறாங்கன்னு. ஃபோன்ல வேணாம், நேர்ல போவோம், அந்தப் பொன்னாடையை அவங்களுக்கே போத்திட்டு வருவோம்னு முடிவு பண்ணினேன். திங்கள் வகுப்பு, செவ்வாய் தேர்வுக் குழு. புதன்கிழமை போனேன். பொன்னாடையை இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டேன் சார்.

ஊருக்குப் பிரியற விலக்குல பஸ்ஸை விட்டு இறங்கினதுமே என்னமோ வாடை. தெருவுக்குள்ள போகப்போக மூக்கு எரியுது. பிளீச்சிங் பவுடர்.

என்ன நடந்திருக்குன்னா, சனிக்கிழமையே ஆள் வர ஆரம்பிச்சாச்சு. முகவரிதான் இருக்கே, வழி கேக்கக்கூட வேணாம். ஞாயித்துக்கிழமை வேன் போட்டு வந்திருக்காங்க. கிணத்துக்குள்ள லைட்டை விடறதென்ன, கொசுவலையை விடறதென்ன. எவனோ ஒருத்தன் அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டா கண் நோய் போகும்னு கிளப்பி விட்டிருக்கான். கண்ணில்லாத மீனு சார்! அது எப்படிக் கண்ணைக் குடுக்கும்னு ஒருத்தனும் கேக்கலை. தண்ணி பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. சரியா மாட்டலைன்னு மோட்டார் வச்சுத் தண்ணியை இறைச்சிருக்காங்க. அந்தம்மா குறுக்க நின்னு, கிணறு அசந்துபோச்சு, இன்னைக்கு இறைக்காதீங்கன்னு கத்தியிருக்காங்க. தள்ளி விட்டிருக்கானுங்க. அப்பதான் எனக்கு நாலு தடவை ஃபோன் பண்ணியிருக்காங்க.

திங்கள்கிழமை தெருவுல யாரோ மனு குடுத்துட்டாங்க, குடிதண்ணிக் கிணத்துல மீன் செத்து மிதக்குதுன்னு. செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்துல இருந்து ஆள் வந்து பிளீச்சிங் மூட்டையைக் கவுத்துட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்க வேலை அது. ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் ஒரு ஃபோன் பண்ணியிருந்தா, திங்கள் காலையில போய் நின்னிருந்தா, நிறுத்தியிருக்கலாம். என் பேருக்குப் பின்னாடி அத்தனை எழுத்து இருக்கே, ஒரு லெட்டர்ல நிறுத்தியிருக்கலாம். அதை நான் யார்ட்டயும் சொன்னதில்ல சார். உங்ககிட்டதான் சொல்றேன்.

உள்ள போனேன். அந்தம்மா பீடி சுத்திக்கிட்டு இருந்தாங்க. நிமிந்து பாக்கலை. கையால ஒரு எவர்சில்வர் தட்டைக் காமிச்சாங்க. எல்லாத்தையும் பொறுக்கி வரிசையா வச்சிருந்தாங்க. சிவப்பு போயி வெளுத்துக் கிடந்துச்சு.

அப்ப நான் ஒண்ணு பண்ணினேன் சார். எனக்கு வேற எதுவும் தெரியாது, அதனால பண்ணினேன். பையில இருந்து ஸ்கேலை எடுத்து அளக்க ஆரம்பிச்சேன். ஒண்ணொண்ணா. நோட்டுல எழுதிக்கிட்டே. அழுதுக்கிட்டேதான் அளந்தேன், ஆனா அளந்தேன். அவங்க பீடி சுத்துறதை நிறுத்திட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"எத்தனை?"ன்னாங்க.

"இருபத்தி மூணும்மா."

"ஏழும் இருபத்தி மூணும் முப்பது"ன்னாங்க. அவ்வளவுதான். ஒரு திட்டு இல்ல, சாபம் இல்ல. எங்க ஆத்தா மாதிரி மண்ணை வாரி எறிஞ்சிருந்தாக்கூட வாங்கிட்டு வந்திருப்பேன்.

பொன்னாடையைப் பையை விட்டு எடுக்கலை. திரும்பி விலக்குக்கு நடக்கறேன், பஸ் வந்துச்சு, ஏறலை. நடந்தேன். கிணத்துக்குக் கம்பி வலை போட்டு மூடிட்டாங்க. இப்பவும் அந்தத் தெருவே அரை மைல் போய் மேல்நிலைத் தொட்டியிலதான் தண்ணி பிடிக்குது. அந்தம்மா குடத்தோட வந்தா வரிசையில பேச்சு நின்னுபோகுமாம். எழுதுறவனைக் கூட்டிக்கிட்டு வந்தவள்னு பேர்.

நான் சும்மா இருப்பேனா? இதையும் எழுதினேன். கிணறு செத்த கதை. முதல்ல எழுதினதை விட நல்லா வந்திருந்துச்சு சார், சத்தியமாச் சொல்றேன். அந்தத் தட்டு, இருபத்தி மூணு, அந்தம்மா சொன்ன கணக்கு, எல்லாம் அப்படியே. அமுதவல்லிக்கு அனுப்பினேன். "வேணாம் சார்"னு ஒரே வரியில பதில். எனக்கு அந்தப் பொண்ணு மேல இன்னைக்கும் வருத்தம்தான். ஒரு நல்ல எழுத்து மேஜை டிராயருக்குள்ள கிடக்குது.

ஆலங்குளம் போயிருச்சா? எப்ப போச்சு? இவ்வளவு வேகமாவா வந்துட்டோம்? இல்ல, வேகம்தான் நல்லது.

முந்தாநேத்து ஃபோன் வந்துச்சு சார். ஒம்போது மாசம் கழிச்சு. நான் வகுப்புல இருந்தேன். திரையில அவங்க பேர். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டுத்தான் பேசினேன், பசங்க முகத்தைப் பாக்கக்கூடாதுன்னு.

"சார், ஒண்ணு வந்திருக்கு."

கையில இருந்த சாக்பீஸை வச்சுட்டேன்.

"என் தம்பி தோட்டத்துக் கிணத்துல. நீங்க வந்து பாத்து, அதுதானான்னு சொல்லணும். அவன் ஆழப்படுத்தி மோட்டார் வைக்கப் போறான். அது அந்த மீன்தான்னு நீங்க சொன்னா வைக்க மாட்டேங்கான். ஆனா ஒத்தையில வரணும் சார். வெளியாளு ஒருத்தன் தெரிஞ்சு வந்தாலும் கல்லைப் போட்டு மூடிருவேன்னு நிக்கான். அக்கா பட்டது போதும்ங்கான்."

ஏன் என்னைக் கூப்பிட்டாங்க? எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல சார், இதே யோசனை. என்னை விட்டா அந்த மீனைத் தெரிஞ்ச ஆள் கிடையாது, அது ஒண்ணு. ஆனா அது மட்டும் இல்ல. ஃபோனை வைக்கும்போது, "வாளியில விட்டுப் பாத்தேன் சார், அப்படியே திரும்புது"ன்னாங்க. வாளிக்கு அந்தப் பக்கம் உக்கார அவங்களுக்கும் வேற ஆள் இல்ல சார்.

அதனால இன்னைக்குப் பாருங்க, பையில பாட்டில் இல்ல. மீனைப் பதப்படுத்துற மருந்து இல்ல. ஸ்கேல் இல்ல. கேமரா இல்ல, ஃபோனையே வீட்ல வச்சுட்டேன், அதான் உங்ககிட்ட மணி கேட்டுக்கிட்டு வர்றேன். நோட்டும் இல்ல. ஒரு பொட்டலம் அல்வாவும் ஒரு துண்டும்தான். பாக்குறது, ஆமா அதுதான்னு சொல்றது, வந்துடறது. ஒரு எழுத்து எழுதப்போறதில்ல.

இதுவா? இது டிக்கெட். பின்னாடி என்னமோ கிறுக்கியிருக்கேன். ஒரு வரி சார், ஏறும்போதே வந்துருச்சு, விட்டா மறந்துபோகும். "ஒன்பது மாதம் கழித்து ஒன்று வந்தது"ன்னு. பத்து மாசமா இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். சும்மா எனக்காகத்தான். யாருக்கும் குடுக்க மாட்டேன்.

அந்தாத் தெரியுதே, சிவப்பா ஒரு கரடு, அதுதான் பொத்தை. அதுக்குப் பின்னாடி வேலிக்கருவை, அதைத் தாண்டி ரெட்டைப் பனை. ரெட்டைப் பனைக்குத் தெக்க தம்பி தோட்டம். அந்தப் பக்கத்துலயே மோட்டார் இல்லாத கிணறு அது ஒண்ணுதான். மாடு பூட்டி இறைச்ச காலத்துக் கமலைக் கல்லு ரெண்டு இன்னும் நிக்கும், யார் பாத்தாலும் தெரியும்.

ஏன் சார் சிரிக்கிறீங்க?

இல்ல, சிரிச்சீங்க. இப்ப சிரிச்சீங்களே.

நான் சொல்லிட்டேனா?

ஊரு. தெரு. கதவு எண். எல்லாம் சொல்லிட்டேனா? இப்ப பனை மரத்தையுமா? கிணத்தையும் காமிச்சுட்டேன். விரலை நீட்டிக் காமிச்சிருக்கேன், படுபாவி.

சார், உங்களை ஒண்ணுமே கேக்காம வந்துட்டேன். ஏறினதுல இருந்து நான்தான் பேசறேன். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

எழுதுவீங்களா? கதையா? அப்படியா! எதுல வந்திருக்கு? பாருங்க, ஒரு எழுத்தாளர் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு நான், அந்த முதல் வரி, கண்ணில்லாதது சுவரறிந்து, நீங்க என்ன நினைக்கிறீங்க, அதை எடுத்திருக்கணுமா, அது இருக்கணுமா?

இல்ல. இருங்க. அது வேணாம். அது போகட்டும்.

ஃபோன்ல நடுவுல நடுவுல என்னமோ தட்டுனீங்களே. வீட்டுக்கா? வீட்டுக்குத்தானே?

இதோ பலகை வந்துருச்சு. கண்டக்டர், இறங்கணும், நிறுத்துங்க! சார், அந்தா வேலியோரம் நிக்காங்க பாருங்க. பச்சைச் சேலை. பாக்காதீங்க. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் பாக்காதீங்க, நீங்க பாக்கறதை அவங்க பாத்துருவாங்க. காலை நகத்துங்க சார், நான் இறங்கணும். ஒண்ணே ஒண்ணு. நீங்க எழுதுங்க, நான் வேணாங்கலை. அது திரும்புறதை நல்லா எழுதுங்க. எங்க பேரு, ஊரு மட்டும் போட்டுராதீங்க.

தலையாட்டுறீங்க.

நானும் அன்னைக்கு இப்படித்தான் சார் தலையாட்டினேன்.